பேட்டரிக்காக மூன்றாவது டாப்-அப் கடனா?

கேள்வி: கூரையில் சோலார் போட்ட கடனை, பேட்டரி விற்கும் என் மைத்துனர் பேச்சைக் கேட்டு ஏற்கெனவே 2 முறை டாப்-அப் (பழைய கடன் மேலேயே கூடுதல் கடன்) செய்துவிட்டேன். கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. போன வருடம் மொத்தம் 20 மணி நேரம் கரண்ட் இல்லை. ஒரே தடவையில் அதிகபட்சம் 4 மணி நேரம். காற்றாலையும் சோலாரும் பெருகினால் கிரிட் (ஊருக்கெல்லாம் மின்சாரம் கொண்டுவரும் மின்கட்டமைப்பு) அடிக்கடி விழும், 10 யூனிட் பேட்டரி வாங்கு என்கிறார். இன்னொரு டாப்-அப் போடலாமா? வட்டி 10 சதவீதம், 7 வருடம். நெட் மீட்டரிங் இருக்கிறது.

பதில்: போடாதீர்கள். பேட்டரியைவிட எனக்குக் கவலை தருவது, அவர் பயமுறுத்தும்போதெல்லாம் நீங்கள் கடனை நீட்டிப்பதுதான். இந்தக் கணக்கில் 100 வாங்கினால் சுமார் 139 கட்டுவீர்கள். அதுவும் 7 வருடம்!

சரி, தேவை எவ்வளவு? ஃபிரிட்ஜ் சராசரியாக 60 வாட், 2 ஃபேன் 120, 4 எல்இடி விளக்கு 40, வைஃபை 10. மொத்தம் 230 வாட். 4 மணி நேரத்துக்கு 1 யூனிட்கூட ஆகாது. வருடம் முழுக்க 20 மணி நேரத்துக்கும் 5 யூனிட்டுக்குள்தான். அதற்கா 10 யூனிட் பேட்டரி? ஏசியும் ஓட வேண்டும் என்றால் கணக்கு மாறும், ஆனால் அதை நீங்கள் கேட்கவில்லை. பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவில் மிச்சம் பிடிக்கலாம் என்றும் சொல்வார்கள். உங்கள் நெட் மீட்டரிங்கில், கிரிட்டுக்குக் கொடுத்த யூனிட் அப்படியே பில்லில் கழிகிறது என்றால் அந்த மிச்சமும் கிடையாது.

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. அனல் நிலையத்தின் கனத்த டர்பைன் சுழன்றுகொண்டே இருப்பதால் கிரிட்டின் அதிர்வெண் (மின்சாரம் ஒரு நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பது) சட்டென்று விழாது; அது அதிகம் விழுந்தால் கிரிட்டும் விழும். சோலாரில் அந்தச் சுழற்சி இல்லை. ஆனால் 2016 செப்டம்பரில் தெற்கு ஆஸ்திரேலியா இருண்டபோது, முதலில் புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்தன, பிறகு பாதுகாப்பு அமைப்பின் செட்டிங்கால் காற்றாலைகள் கிரிட்டிலிருந்து கழன்றுகொண்டன. அந்த செட்டிங்கை மாற்றினார்கள். 2017-இல் அங்கேயே ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரியும் வைத்தார்கள். கிரிட்டைத் தாங்குவது அந்த அளவில் நடக்கிற வேலை. அதற்கு உங்கள் வீட்டுத் தவணை எதற்கு?

முதலில் சோலார் போட்டவரிடம், உங்கள் இன்வெர்ட்டரில் பேக்கப் இணைப்பு (கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து வீட்டுக்குக் கொடுப்பது) இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதற்குப் பொருந்தும் 2 யூனிட் பேட்டரி போதும்; இல்லையென்றால் தனியாகச் சின்ன இன்வெர்ட்டர். எதுவானாலும் சேமித்து, கைக்காசில் வாங்குங்கள். அதுவரை 4 மணி நேரம் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தாலே உள்ளே இருப்பது கெடாது. மைத்துனரிடம், பழைய கடன் முடிகிறவரை புதுக் கையெழுத்து இல்லை என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.