வாசகர் கேள்வி பதில்: லுவார் பள்ளத்தாக்கின் மண்பாதைகளில் சைக்கிள் பயணம்

பிரான்சின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சைக்கிளில் செல்வது குறித்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் தார் போடாத பாதைகளைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி (பாரிஸ் புறநகர் வாசகர்): சரளைப் பாதையில் ஓட்டுவதற்கான கிராவல் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். லுவார் கரையில் உள்ள சைக்கிள் பாதை குழந்தைகளோடு செல்பவர்களுக்கு ஏற்றது, பெரும்பாலும் வழவழப்பானது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அரண்மனைகளையும் பார்க்க வேண்டும், சரளையிலும் ஓட்ட வேண்டும். இரண்டும் ஒரே பயணத்தில் கூடுமா?

பதில்: கூடும். உங்கள் நண்பர்கள் சொல்வதும் ஓரளவு சரிதான். நெவேர் நகருக்கு அருகில் தொடங்கி அட்லாண்டிக் கடற்கரையில் முடியும் ‘லுவார் ஆ வெலோ’ என்னும் அந்தச் சைக்கிள் பாதை சுமார் 900 கிலோமீட்டர் நீளமுள்ளது. அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை ஐரோப்பாவைக் கடக்கும் யூரோவெலோ 6 தடத்தின் ஒரு பகுதி. சிற்றூர்ச் சாலைகளும் தார்ப்பாதைகளும் கெட்டிப்படுத்திய மணற்பாதைகளும் அதில் கலந்திருக்கின்றன. ஆற்றை ஒட்டி மட்டுமே சென்றால் உங்கள் டயர்களுக்குப் பெரிய வேலை இருக்காது.

ஆனால் லுவார் பள்ளத்தாக்கு என்பது அந்த ஓர் ஆறு மட்டும் அன்று. கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து சேரும் ஷேர், ஆந்த்ர், வியேன் என்னும் துணையாறுகளும், அவற்றுக்கு இடைப்பட்ட மேட்டு நிலத்துத் திராட்சைத் தோட்டங்களும், அரசுக் காடுகளும் சேர்ந்ததே இந்த நாடு. இங்குள்ள மண்பாதை எதுவும் பொழுதுபோக்குக்காகப் போடப்பட்டதன்று. வெள்ளத்தைத் தடுக்க ஒன்று, படகை இழுக்க ஒன்று, அரசர்களின் வேட்டைக்கு ஒன்று, கொடிகளைப் பராமரிக்க ஒன்று என்று ஒவ்வொன்றும் ஒரு தொழிலுக்காக உண்டானது. அரண்மனைகளைக் காரிலும் பேருந்திலும் சென்று பார்க்கலாம். அவற்றைக் கட்டி வாழவைத்த நிலத்தைப் பார்ப்பதற்கு இந்தப் பாதைகள்தான் வழி என்பது எங்கள் உறுதியான கருத்து.

சோமூரில் தொடங்கி ப்ளுவாவில் முடித்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறோம். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் அது உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். சோமூரிலிருந்து தென்கரையில் கிழக்கு நோக்கிச் சென்றால் சூசே-ஷாம்பிஞியில் பாதை பாறைக்குள் நுழைகிறது. துஃபோ எனப்படும் வெளிர் மஞ்சள் சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து அமைத்த தெரு அது; இருபுறமும் பாறையிலேயே வெட்டிய வாசல்களும் சாளரங்களும் இருக்கின்றன, வெயில் நாளிலும் உள்ளே குளுமை குறையாது. அங்கிருந்து மேட்டில் ஏறினால் திராட்சைத் தோட்டங்களுக்கிடையே வெள்ளைச் சரளைத் தடங்கள் மோன்சோரோ வரை தொடர்கின்றன. தெற்கே சற்று விலகி ஃபோன்தவ்ரோ மடத்துக்குச் சென்று வாருங்கள்; இங்கிலாந்தின் அரசர் இரண்டாம் ஹென்றி, அவருடைய மனைவி எலியனோர், மகன் ரிச்சர்ட் ஆகியோரின் உருவச் சிலைகள் அந்தத் தேவாலயத்தில் படுத்த நிலையில் உள்ளன. வியேன் ஆறு லுவாரில் கலக்கும் காந்த்-சேன்-மார்த்தேன் பக்கத்து ஊர். தூர் நகரின் ஆயராக இருந்த புனித மார்த்தேன் 397-ஆம் ஆண்டில் இறந்தது அங்கேதான். அவருடைய உடலைத் தூர் நகரத்தார் இரவோடு இரவாகச் சாளரத்தின் வழியே இறக்கிப் படகில் கொண்டுபோனார்கள் என்று பழைய வரலாறு சொல்கிறது.

அடுத்து ஷினோன். அந்த ஊரைத் தாண்டி அசே-லெ-ரிதோ வரை விரியும் ஷினோன் காட்டில் நேர்கோட்டு மண்சாலைகள் நீண்டுகொண்டே போகின்றன. உங்கள் சைக்கிள் தகுந்த வேகம் எடுப்பது இங்கேதான். வில்லாந்திரியையும் தூரையும் கடந்தபின் லுவாரை விட்டுவிட்டு ஷேர் ஆற்றின் கரைக்கு மாறுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் படகுப் போக்குவரத்துக்காக அந்த ஆற்றைத் தடுப்பணைகளால் படிப்படியாகத் தேக்கினார்கள். மரக்கட்டைகளை ஒன்றையொட்டி ஒன்றாகச் செங்குத்தாக நிறுத்தி, வெள்ளம் வரும்போது கையாலேயே பிடுங்கி எடுக்கும் வகையைச் சேர்ந்தவை அந்தத் தடுப்பணைகள். படகை இழுத்துச் சென்றவர்கள் நடந்த கரைப்பாதைதான் இன்று நீங்கள் ஓட்டப்போகும் பாதை. ஷெனோன்சோ மாளிகையை அதன் தென்கரையிலிருந்து பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். ஆற்றின் குறுக்கே பாலமாக நிற்கும் அதன் நீண்ட கூடம் 1940-க்குப் பின் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் இடையிலான எல்லையின் மேல் நின்றது. தெற்கு வாசலைத் திறந்தால் மறுபுறம்.

அங்கிருந்து அம்புவாஸ் காடு, அம்புவாஸ், ஷோமோன், ஷெவெர்னி, ஷாம்போர், ப்ளுவா என்று செல்லலாம். மொத்தம் 230 முதல் 250 கிலோமீட்டர். நான்கு நாள்களில் முடியும், ஆனால் ஐந்து நாள்கள் ஒதுக்குங்கள்.

கேள்வி (புதுச்சேரி, வரலாற்று மாணவி): படங்களில் சைக்கிள் பாதை ஆற்றைவிட வெகு உயரத்தில், நீண்ட மண்கரையின் மேல் செல்கிறதே, அதை யார் கட்டினார்கள்? சைக்கிளில் செல்பவர் பழைய ஆற்று வாணிகத்தின் தடயங்களை எங்கே காணலாம்?

பதில்: நல்ல கேள்வி, பயணிகளில் பெரும்பாலோர் அந்தக் கரையின் மேலேயே நாள் முழுவதும் சென்றும் இதைக் கேட்பதில்லை. அது வெள்ளத்தடுப்புக் கரை. 12-ஆம் நூற்றாண்டில் ஆஞ்சூ நாட்டையும் இங்கிலாந்தையும் ஒருசேர ஆண்ட இரண்டாம் ஹென்றி, கரையில் குடியிருந்து அதைப் பராமரிப்பவர்களுக்குச் சலுகைகள் வழங்கினார். பின்வந்தவர்கள் அதை நீட்டினார்கள், 17-ஆம் நூற்றாண்டில் கோல்பேர் அமைச்சராக இருந்த காலத்தில் மேலும் உயர்த்தினார்கள். உயர்த்த உயர்த்த ஆறு ஒடுங்கியது, ஒடுங்க ஒடுங்க வெள்ளம் உயர்ந்தது. 1846, 1856, 1866 ஆகிய மூன்று ஆண்டுகளில் வந்த பெருவெள்ளங்கள் கரைகளைப் பல இடங்களில் உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் புகுந்தன. கரையோர ஊர்களின் சுவர்களிலும் படித்துறைகளிலும் இந்த மூன்று ஆண்டுகளும் கோடிட்டுப் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். சில கோடுகள் சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் தலைக்கு மேலே இருக்கும். அருகே நின்று ஆறு எவ்வளவு கீழே ஓடுகிறது என்று பாருங்கள், கணக்கு விளங்கும். ப்ளுவாவுக்கு எதிர்க்கரையில் லா பூயி என்னும் இடத்தில், பெருவெள்ளத்தின் ஒரு பகுதியை வேண்டுமென்றே வெளியேற்றுவதற்கான கலிங்கு ஒன்று உண்டு. அந்த வெளியேற்று வழியில் பிற்காலத்தில் எழுந்த வீடுகளை உள்ளாட்சி அமைப்பு அண்மைக் காலத்தில் வாங்கி இடித்து, நிலத்தை மீண்டும் வெறுமையாக்கியது.

வாணிகத்துக்கு வருவோம். அடி தட்டையான மரப்படகுகள் ஓட்டத்தோடு கீழே இறங்கின. மேற்குக் காற்றைப் பாயில் வாங்கி ஓட்டத்தை எதிர்த்து மேலேறின. ஷாம்போர் மாளிகைக்கான கற்கள் சேன்-தியே என்ற சிற்றூரின் துறையில் இறங்கி, அங்கிருந்து வண்டிகளில் சென்றன. அந்த மாளிகையைப் பிரெஞ்சு அரசர் முதலாம் ஃபிரான்சுவா 1519-இல் தொடங்கினார். அதைச் சூழ்ந்த 5,440 ஹெக்டேர் காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் நீள மதில் இருக்கிறது. எனவே சாலை வழியாக ஷாம்போரை அடைவதைவிட, சேன்-தியேயில் சாய்வாகக் கல் பாவிய துறையையும் படகு கட்டும் இரும்பு வளையங்களையும் பார்த்துவிட்டு, மதிலின் வாசல் வழியே காட்டுக்குள் நுழைவதே முறை என்போம். சோமூரிலிருந்து வருபவர்கள் ஷாம்போரைப் பார்த்தபின் இதே வழியைத் திருப்பிச் சென்று, ஆற்றங்கரையோடு ப்ளுவாவை அடையலாம். 1843-இல் ஓர்லியானுக்கும் 1846-இல் தூருக்கும் ரயில் வந்தது. சில பத்தாண்டுகளில் படகுத் தொழில் அழிந்தது.

புதுச்சேரியிலிருந்து எழுதியிருப்பதால் இன்னோர் இடத்தையும் சொல்கிறோம். அம்புவாஸ் காட்டின் விளிம்பில், அதன் நேர்சாலைகள் வந்து கூடும் இடத்தில், ஷாந்த்லூ என்ற 44 மீட்டர் உயரக் கல் கோபுரம் ஏழு அடுக்குகளாகச் சீனப் பாணியில் நிற்கிறது. அதைக் கட்டியவர் ஷுவாசோல் கோமகன். ஆங்கிலேயர் 1761-இல் கைப்பற்றிய புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பித் தர வகைசெய்த 1763 பாரிஸ் உடன்படிக்கையின்போது பிரெஞ்சு அரசை நடத்திய அமைச்சர் இவரே. 1770-இல் பதவி பறிக்கப்பட்டுத் தம் ஷாந்த்லூ மாளிகைக்கு அனுப்பப்பட்டார். அப்போதும் தம்மைக் கைவிடாமல் தேடிவந்த நண்பர்களின் நினைவாக இக்கோபுரத்தை எழுப்பினார். மாளிகை 19-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. காட்டுப்பாதையில் வருபவருக்குக் கோபுரம் மரங்களுக்கு மேலே திடீரென்று தெரியும்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): விடுமுறையில் வருகிறேன். எந்த அகல டயர் வேண்டும்? சைக்கிளை ரயிலில் ஏற்றலாமா?

பதில்: நாற்பது மில்லிமீட்டர் டயர் இந்த வழிக்குப் போதும், பைகளோடு செல்பவர் 45 வரை போகலாம். ஆழமான பள்ளங்களைக் கொண்ட டயர் தேவையில்லை. அகலத்தைவிடப் பக்கச்சுவரின் உறுதியைக் கவனியுங்கள். இங்குள்ள மேட்டு நிலத்தின் களிமண்ணில் சிக்கிமுக்கிக் கற்கள் நிறைந்திருக்கின்றன. உழவின்போது மேலே வந்து உடைந்த கல்லின் விளிம்பு கண்ணாடிச் சில்லுபோல் டயரின் பக்கத்தைக் கிழித்துவிடும். ஆகவே உள் டியூப் இல்லாத டியூப்லெஸ் அமைப்பு, சிறு ஓட்டைகளைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவம், ஓட்டையை அடைக்கும் செருகுதிரிகள், மாற்று டியூப் ஒன்று ஆகியவற்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். மழை பெய்த மறுநாள் தோட்டத் தடங்களைத் தவிர்ப்பது நல்லது. நனைந்த சுண்ணாம்புச் சேறு சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் ஃபோர்க் என்னும் கவைக்கும் இடையில் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுழலவிடாது. அத்தகைய நாளில் வெள்ளக்கரையின் மணற்பாதைக்குத் திரும்பிவிடுங்கள், அங்கே தண்ணீர் விரைவில் வடிந்துவிடும்.

வட்டார ரயில்களில் சைக்கிளை அப்படியே ஏற்றலாம். கோடையில் ஓர்லியானுக்கும் மேற்குக் கடற்கரைக்கும் இடையே கூடுதல் சைக்கிள் இடங்களோடு சிறப்பு ரயில்களும் ஓடுகின்றன. அதிவேக ரயில்களிலோ பெரும்பாலும் சக்கரங்களைக் கழற்றிப் பையில் வைத்துத்தான் கொண்டுசெல்ல வேண்டும். தங்குமிடம் தேடும்போது ‘அக்கேய் வெலோ’ என்ற முத்திரை உள்ளதா என்று பாருங்கள். பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும், பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கும் கருவிகளும் கொடுப்பார்கள்.

கேள்வி (லியோன் வாசகர்): ஆற்றின் நடுவே உள்ள மணல்திட்டுகளில் கூடாரம் அமைக்கலாமா?

பதில்: கூடாது. இளவேனிலிலும் கோடையிலும் ஆலாப் பறவைகள் அந்த மணலிலேயே முட்டையிடுகின்றன. கால் வைத்தால் நசுங்கிவிடும் என்பதால் பல திட்டுகளுக்குச் செல்லத் தடை உண்டு. தவிர, லுவாரின் மணல் நிலையாக இருப்பதில்லை. முழங்கால் ஆழம் என்று இறங்கிய இடத்தில் அடுத்த அடி ஆள் ஆழமாக இருக்கக்கூடும். கரையோர முகாம்கள் ஏராளம், அவற்றில் தங்குங்கள்.

கேள்வி (அதே வாசகர்): அக்டோபரில் ஷாம்போர் பக்கத்துச் சொலோஞ் காடு அழகாக இருக்கும் என்கிறார்கள். அப்போது செல்வது பாதுகாப்பானதா?

பதில்: அழகு உண்மைதான், செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் ஷாம்போர் காட்டில் ஆண் மான்கள் இணை தேடி எழுப்பும் முழக்கத்தைக் கேட்கவே மக்கள் வருகிறார்கள். ஆனால் அதே காலத்தில் வேட்டைப் பருவமும் தொடங்கி பிப்ரவரி இறுதி வரை நீடிக்கிறது. பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலாடை அணியுங்கள். வேட்டை நடப்பதாக அறிவிக்கும் பலகை தடத்தின் முகப்பில் இருந்தால், எவ்வளவு தூரம் சுற்ற நேர்ந்தாலும் திரும்பிவிடுங்கள்.

சொலோஞ் காட்டில் பெரும்பகுதி தனியாருடையது என்பதையும் நினைவில் வையுங்கள். விலங்குகள் கடக்க முடியாதபடி அங்கே உயர்ந்து நின்ற கம்பிவேலிகளைக் கட்டுப்படுத்தி, உயரம் 1.20 மீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2023 பிப்ரவரியில் சட்டம் வந்தது. வேலி தாழ்வதால் நாமும் உள்ளே போகலாம் என்று எண்ணிவிட வேண்டாம். தனியார் காடு என்று அறிவித்துள்ள இடத்தில் அனுமதியின்றி நுழைவதற்கு அபராதம் விதிப்பதும் அதே சட்டம்தான். வரைபடச் செயலி ஒரு தடத்தைக் காட்டுகிறது என்பதற்காக அது பொதுவழி ஆகிவிடாது. ஷாம்போருக்குத் தெற்கே உள்ள பூலோஞ் காடும், ப்ளுவாவுக்குத் தெற்கே உள்ள ருஸ்ஸி காடும் அரசுடைமை. அவற்றின் மண்சாலைகளிலும் ‘ஷாத்தோ ஆ வெலோ’ என்ற பெயரில் அடையாளமிட்ட தடங்களிலும் செல்லுங்கள். அக்டோபர் மாலையில் காட்டுக்குள் வெளிச்சம் விரைவில் குறைந்துவிடும். முன்விளக்கு, பின்விளக்கு இரண்டையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.