ஷீலா ஈ.: பாட்டுக்கு முந்திய தாளம்

கேள்வி: 1984-இல் 'தி கிளாமரஸ் லைஃப்' பாடலால் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகி ஷீலா ஈ., பாப் இசைக் கலைஞர் பிரின்ஸ் உருவாக்கிய நட்சத்திரம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது சரியா?

பதில்: பாதிதான் சரி. அந்தப் பாடலை எழுதியவர் பிரின்ஸ் என்பதையும், அது அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் ஏழாம் இடம்வரை சென்றதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும் மறுக்க முடியாது. 'உருவாக்கிய' என்ற சொல்லைத்தான் ஏற்க இயலவில்லை. 1957-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பிறந்த ஷீலா எஸ்கொவேடோவுக்குத் தந்தை பீட் எஸ்கொவேடோ, லத்தீன் இசையில் பெயர்பெற்ற தாளக் கலைஞர். ஞானத்தந்தையோ டிம்பாலெஸ் என்ற லத்தீன் தாளக் கருவியின் மேதை டிட்டோ புவென்டே. சிறுவயதில் சில ஆண்டுகள் வயலின் கற்றபோதிலும், வீட்டில் தந்தை வாசிப்பதைப் பார்த்துப் பார்த்தே, கையால் தட்டி வாசிக்கும் காங்கா முரசு அவர் கைக்கு வந்தது. தந்தையும் சித்தப்பாவும் இடம்பெற்றிருந்த ஆஸ்டெக்கா இசைக்குழுவின் காங்கா கலைஞர் நோயுற்றபோது, அவர் இடத்தில் நின்று வாசித்த ஷீலாவுக்கு வயது 15. பிறகு தந்தையுடன் இரண்டு இசைத்தட்டுகள், ஜார்ஜ் டியூக்கின் ஜாஸ் குழு, 1983-இல் பாடகர் மார்வின் கேயின் கடைசிச் சுற்றுப்பயணம் என்று பத்தாண்டு உழைப்பு முடிந்த பின்னரே அந்தப் பாடல் வந்தது. பிரின்ஸ் அவரைப் பாடகியாக முன்னிறுத்தினார். கலைஞராக அவர் முன்பே முழுமை பெற்றிருந்தார்.

கேள்வி: தாளம் வாசிப்பவர் மேடையின் பின்புறம்தானே இருப்பார்? பாடிக்கொண்டே அவரால் எப்படி வாசிக்க முடிந்தது?

பதில்: நல்ல கேள்வி, விடை அவர் தேர்ந்த கருவியிலேயே இருக்கிறது. டிரம்ஸ் வாசிப்பவர் இரு கைகளையும் இரு கால்களையும் கொடுத்து உட்கார்ந்துவிட வேண்டும். டிம்பாலெஸோ ஒரு பக்கம் மட்டும் தோல் பூட்டிய, உலோக உடல் கொண்ட ஜோடிக் கருவி. நின்றபடியே குச்சிகளால் வாசிக்கலாம் என்பதால் அதை மேடையின் முகப்பில், பாடகர் நிற்கும் இடத்திலேயே வைத்துக்கொள்ள முடிகிறது. தோலில் மட்டுமன்றி விளிம்பிலும் உலோக உடலிலும் தட்டுவதால் எழும் கூர்மையான ஒலி, 1980களின் மின்னணுத் தாளத்துக்கிடையிலும் மறையாமல் தனித்துக் கேட்டது. உயர்ந்த குதிகால் காலணியோடு அவர் வாசித்ததைப் பற்றி அன்றைய பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. அவருடைய கைகளைப் பற்றியும் அதே அளவு எழுதியிருக்கலாம். டிரம்ஸிலும் அவர் சளைத்தவரல்லர்: 1987 முதல் 1989 வரை பிரின்ஸின் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் அவரே.

கேள்வி: அதன் பிறகு அவர் என்ன ஆனார்?

பதில்: தனிப்பாடகியாக அந்த முதல் வெற்றியை மீண்டும் எட்டவில்லை, ஆனால் வாய்ப்புக்குக் குறைவில்லை. 2001-இல் பீட்டில்ஸின் டிரம்ஸ் கலைஞரான ரிங்கோ ஸ்டாரின் குழுவில் சேர்ந்து, அவருக்குப் பக்கத்திலேயே அமர்ந்து டிரம்ஸ் வாசித்தார். 2021-இல் லத்தீன் கிராமி அமைப்பு அவருக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கியது. 2024-இல் 'பைலார்' என்ற சல்சா (லத்தீன் நடன இசை) தொகுப்பின் வழியே தந்தையின் இசைக்கே திரும்பினார். அதில் பாடகி குளோரியா எஸ்டெஃபானும் பங்கேற்ற 'பெம்பா கொலொரா' பாடல் 2025-இல் கிராமி விருது பெற்றது.