நட்டால் பிழைக்குமா? பவளப்பாறை பற்றி கோலக்கெட்டிலில் வந்த கேள்விகள்

பள்ளி விடுமுறையில் மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் நம்ம ஊர் கோலக்கெட்டில் மண்டபத்தில் மூன்று மாலை கடலைப் பற்றிப் பேசினேன். சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம், இங்கே பவளப்பாறையைக் கேட்க யார் வருவார்கள் என்று ஏற்பாட்டாளருக்கே சந்தேகம், ஐம்பது பேருக்குத்தான் மீ கோரிங் சொல்லியிருந்தார், பத்தவில்லை. நேரமும் பத்தவில்லை. அதனால் கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன், எனக்குப் பிடித்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

டாக்டர், மூன்று நாளும் கேட்டேன், இன்னும் குழப்பம். அது கல்லா, செடியா, உயிரா?

தப்பு என்னுடையது, முதல் நாள் அவசரமாகத் தாண்டிவிட்டேன். அது பிராணி. ஜெல்லிமீனுக்குச் சொந்தக்காரன். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே உள்ள பாலிப் என்ற உயிர், அடியில் சுண்ணாம்பைச் சுரந்து வீடு கட்டிக்கொள்கிறது, தலைமுறை தலைமுறையாக அப்படிக் கட்டிய வீடுகள் சேர்ந்ததுதான் பாறை. அதன் உடம்புக்குள்ளேயே நுண்ணிய பாசி குடியிருந்து, வெயிலை வைத்துச் சமைத்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடுகிறது. பாசியை விட்டால் பவளத்துக்குச் சோறு இல்லை.

ஜோசியர் பவள மோதிரம் போடச் சொல்லியிருக்கிறார். அது இந்தப் பாறையிலிருந்து எடுப்பதா?

இல்லை. நகைப் பவளம் தூரத்துச் சொந்தம். மத்தியதரைக் கடலில், இருட்டான குகை ஓரங்களிலும் ஆழத்திலும் வளரும், உள்ளே பாசி கிடையாது, இந்த மாதிரிப் பாறையும் கட்டாது. யவனக் கப்பல்கள் முசிறிக்குக் கொண்டுவந்த சரக்குகளில் பவளமும் இருந்தது, ஆக நம்ம ஆசை 2000 வருஷப் பழசு. செவ்வாய்க்கு அது என்ன செய்யும் என்பது ஜோசியர் பாடு.

அக்கா, பவளத்தை நட்டு வளர்க்கலாம் என்றீர்கள். நிஜமாகவே பிழைக்குமா, இல்லை போட்டோவுக்கா?

இந்தச் சீட்டுக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நர்சரியில் கன்றை வளர்த்து நிரைக்குக் கொண்டுபோகிறோம் இல்லையா, அதே வேலைதான். உடைந்து மணலில் உருளும் துண்டுகளைப் பொறுக்கி, கயிற்றிலோ இரும்புச் சட்டத்திலோ கட்டி, சில மாதம் கவனித்து, பிறகு பாறையில் பொருத்துவார்கள். கிளை கிளையாக வளரும் ஜாதி நல்ல இடத்தில் வருஷத்துக்கு 10 சென்டிமீட்டர்கூட வளரும், உருண்டைப் பாறை மாதிரி இருப்பது 1 சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. அதனால் எல்லாரும் கிளை ஜாதியைத்தான் நடுகிறார்கள், படமும் அழகாக வரும், ஆனால் சூடு ஏறும்போது முதலில் சாவதும் பெரும்பாலும் அதுதான்.

இன்னொன்று, ஒரே தாயிலிருந்து உடைத்த துண்டுகள் எல்லாம் ஒரே ரத்தம். ரப்பர்ப் பால்மரத்தில் ஒரே குளோனை மலை முழுக்க ஒட்டு வைத்தால் ஒரு நோய் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகுமே, அந்தப் பயம் இங்கேயும் உண்டு. அதனால்தான் பவளம் முட்டையும் விந்தும் விடும் இரவுகளுக்காகச் சிலர் காத்துக்கிடக்கிறார்கள். வருஷத்தில் சில நாள்தான், பௌர்ணமியை ஒட்டி. நம்ம தீபகற்பக் கடலில் முக்கியமாக ஏப்ரல் வாக்கில். அந்தக் குஞ்சுகளைப் பிடித்து வளர்த்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள். செலவும் பாடும் அதிகம்.

சரி, பிழைக்குமா? உலகம் முழுக்க நடந்த திட்டங்களை அலசி 2020ல் வந்த ஓர் ஆய்வில், நட்டதில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு பிழைத்ததாகப் பதிவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட திட்டங்கள் ஒன்றரை வருஷத்துக்குள்ளேயே பார்ப்பதை நிறுத்திவிட்டன, அதற்கப்புறம் என்ன ஆனது என்று அவர்களுக்கே தெரியாது. நானும் படிக்கிற காலத்தில் ஒரு திட்டத்தில் நட்டிருக்கிறேன், யார் என்பது வேண்டாம். காலையில் பேனர், மத்தியானம் நடுதல், சாயங்காலம் பிரியாணி. அடுத்த வருஷம் என் கைக்காசில் போய்ப் பார்த்தால் சட்டம் கவிழ்ந்து மணலில் கிடக்கிறது, என் பெயர் எழுதிய அட்டை மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஆக, யார் வந்து உரை நிகழ்த்தினாலும், என்னையும் சேர்த்துத்தான், எத்தனை நட்டீர்கள் என்று கேட்காதீர்கள், இரண்டு வருஷம் கழித்து எத்தனை உயிரோடு இருந்தது என்று கேளுங்கள்.

பழைய டயரைப் போட்டால் பவளம் வளராதா? பட்டறையில் நிறைய கிடக்கிறது.

வேண்டாங்க. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் 1970களில் இப்படித்தான் சுமார் 20 லட்சம் டயர்களைக் கடலில் போட்டார்கள். கட்டு அறுந்து, டயர் உருண்டு, பக்கத்தில் உயிரோடிருந்த பவளத்தையும் இடித்தது. இன்னும் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெளுத்துப்போன பவளம் செத்ததுதானே?

இல்லை, பட்டினி கிடக்கிறது. அந்த இடத்தில் வழக்கமாக வரும் உச்சச் சூட்டைவிடத் தண்ணீர் 1 டிகிரி கூடி சில வாரம் அப்படியே நின்றாலே பவளம் உள்ளே இருக்கும் பாசியை வெளியேற்றிவிடும், வெள்ளை எலும்பு தெரியும். சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும், பிழைத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்டே போனால் போச்சு. 2010ல் அப்படித்தான் தியோமான், ரெடாங், பாயார் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை அரசாங்கம் சில மாதம் மூடியது. நோயாளி இருக்கும் வீட்டுக்குக் கூட்டமாகப் போகாதே என்பது மாதிரி. உலகம் முழுக்கப் பரவிய நான்காவது வெளுப்பை 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

கடல் எங்கேயோ இருக்கிறது. தோட்டத்துக்காரன் எனக்கும் இதற்கும் என்ன?

நல்லா கேட்டீங்க. மழை பெய்தால் கெட்டில் ஆறு தே தாரேக் டீயின் கலரில் ஓடுகிறது இல்லையா, அது மூடா ஆற்றில் சேர்ந்து கோலமூடாவில் கடலைத் தொடுகிறது. அந்தச் சேறு நேரே பாயாருக்குப் போகிறது என்று நான் சொல்ல மாட்டேன், நிறைய முகத்துவாரத்திலேயே படியும், அங்கே கண்டல் காடு இருந்தால் இன்னும் கொஞ்சம் தங்கும். ஆனால் தீபகற்பத்தின் மேற்குக் கரைக்கு இத்தனை ஆறும் சேர்ந்துதான் கலங்கல் கொண்டுபோகிறது. கலங்கினால் வெளிச்சம் இறங்காது, பாசிக்கு வேலையில்லை. செம்பனையை 25 வருஷத்துக்கு ஒரு முறை சாய்த்துவிட்டு மறு நடவு செய்கிறோமே, அந்த மொட்டை மண் காலம்தான் மோசம். மண்ணை மூடும் கொடியை உடனே விடுவதும், ஆற்றோரம் ஒரு பட்டையை வெட்டாமல் விடுவதும், பெருமழைக்கு முன்தினம் உரம் போடாமலிருப்பதும் பவளத்துக்கும் நல்லது, உரக்காசும் ஆற்றோடு போகாது. தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோருக்குத் தெரியாத விஷயம் இதில் ஒன்றுமில்லை.

எங்க தாத்தா ராமநாதபுரத்துக்காரர். அங்கே கடலில் கல்லெடுத்து வீடு கட்டியதாகச் சொல்வார். உண்மையா?

உண்மை ஐயா. மன்னார் வளைகுடாவில் வீட்டுக்கும் சுண்ணாம்புக்கும் பவளக்கல்லை வெட்டித்தான் எடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இப்போது தண்ணீருக்கு அடியில், கல்லெடுத்ததுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள். 2002 முதல் தூத்துக்குடிப் பக்கம் பவளத்தைத் திரும்ப நட்டு வருகிறார்கள். உங்கள் தாத்தாவுக்கு அந்தத் தீவுகளின் பெயர் நிச்சயம் தெரிந்திருக்கும், வேறு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

மகள் ஐந்தாம் படிவம். கடல் உயிரியல் படிக்கணும் என்கிறாள். வேலை கிடைக்குமா?

திரங்கானு மலேசியப் பல்கலைக்கழகத்திலும் சபா மலேசியப் பல்கலைக்கழகத்திலும் கடல் அறிவியல் உண்டு. பவளத்தை மட்டுமே நம்பினால் வேலை குறைவு, அதை மறைக்க மாட்டேன். மீன் வளர்ப்பு, தண்ணீர்ப் பரிசோதனை, புள்ளிவிவரம் மூன்றில் ஒன்றைக் கூடவே கற்றுக்கொண்டால் வாசல் திறக்கும். கணக்கை விடச் சொல்லாதீர்கள்.

நீச்சல் தெரியாது. பாயாரில் பார்க்க முடியுமா?

முடியும். லங்காவியிலிருந்து படகு போகிறது, மிதவைச் சட்டையோடு முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்தால் போதும், கால் மட்டும் பாறையில் படக்கூடாது. நான் 23 வயதில்தான் நீச்சல் கற்றேன். அதுவரை லயத்துக்குப் பின்னால் ஓடிய வாய்க்கால்தான் எனக்குக் கடல், அதிலும் முழங்காலுக்கு மேல் இறங்க அம்மா விட்டதில்லை.