பழைய ஜிப்சியில் புகைக்கட்டுப்பாட்டு பாகங்களைக் கழற்றிவிடலாமா?

மைலேஜைத் தின்கின்றன என்று தண்டையார்பேட்டை மெக்கானிக் சொன்னதால், உங்கள் கார்புரேட்டர் ஜிப்சியில் பிசிவி வால்வையும் (இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மீண்டும் எரிக்க அனுப்பும் வால்வு) கரி டப்பாவையும் கழற்றலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியைக் கரி பிடித்து வைத்து, இன்ஜின் ஓடும்போது எரிக்க அனுப்புகிறது. மைலேஜை அது தின்பதில்லை.

பழைய வண்டியில் கோளாறு பெரும்பாலும் இவற்றை இணைக்கும் ரப்பர் ஹோஸில்தான் இருக்கும். காசிமேட்டுப் பக்கத்து உப்புக்காற்றில் கிளாம்பும் துருப்பிடித்துவிடும். ஹோஸின் முனையை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். அதன் வழியே காற்று புகுந்தால் ஐட்லிங் ஏறி இறங்கும்.

அப்புறம் பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். உள்ளே கடகடவென்று ஆடினால் சரி. ஆடவில்லையென்றால் புதிதாகப் போடுங்கள், விலை அதிகமில்லை. அது அடைத்தால் கிராங்க்கேஸில், அதாவது இன்ஜினின் அடிப்பகுதியில், அழுத்தம் கூடி, சீல் வழியே ஆயில் கசியும். எதைக் கழற்றுமுன்னும் ஹோஸ் போகும் வழியைப் போட்டோ எடுத்துவிடுங்கள்.