37 வயதில் ஒர்க்‌ஷாப்பிலிருந்து விற்பனைக்கு: ஒரு தந்தையின் கவலைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

ஓசூரில் 13 வருடமாக சிஎன்சி ஷாப்பில் (கணினி இயக்கும் மெஷின்களில் உலோகப் பாகங்கள் செய்யும் பட்டறையில்) இருக்கும் உங்கள் மகன், இப்போது அந்த மெஷின்களுக்கான கட்டிங் டூல் விற்கும் வேலைக்குப் போகிறேன் என்கிறார். "பேசத் தெரியாத பையன், இவனுக்கு எதற்கு சேல்ஸ்" என்பது உங்கள் கவலை. அந்தக் கவலையை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். தொழிற்சாலைக்குள் நடக்கும் விற்பனையில் வாய்ச்சாலகத்துக்கு அதிக வேலை கிடையாது. ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது: அவர் எந்தப் பொருளை விற்கப் போகிறார் என்பதிலும், ஆஃபர் லெட்டரில் சம்பளம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதிலும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் 37 வயது தாமதமே இல்லை.

பொருளைப் பற்றி முதலில் சொல்கிறேன். வேலையின் வகையை மாற்றலாம். துறையையும் சேர்த்து மாற்றினால் 13 வருட அனுபவம் கணக்கிலேயே வராது. இதே மகன் வீட்டுமனை விற்கவோ பள்ளிகளுக்கு சாஃப்ட்வேர் விற்கவோ போனால், 23 வயதுப் பையனோடு ஒரே கோட்டில் நின்று தொடங்க வேண்டும். இன்சர்ட் (உலோகத்தை வெட்டும், மாற்றிப் போடும் சிறு துண்டு), அதைப் பிடிக்கும் ஹோல்டர், சூட்டைத் தணிக்கும் கூலன்ட், பாகத்தை அசையாமல் பிடிக்கும் வொர்க் ஹோல்டிங், அளக்கும் கேஜ் போன்றவற்றை விற்கப் போனால் முதல் நாளிலேயே அவருக்கு ஒரு மதிப்பு உண்டு. ஏன் என்று கணக்கோடு காட்டுகிறேன்.

நான்கு முனை உள்ள ஒரு இன்சர்ட் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனை 100 ரூபாய். அதில் 200 பீஸ் ஓடினால் ஒரு பீஸுக்கு 50 காசு. போட்டிக் கம்பெனியின் இன்சர்ட் 300 ரூபாய்தான். ஒரு முனை 75 ரூபாய். ஆனால் 100 பீஸ்தான் ஓடுகிறது, ஆக ஒரு பீஸுக்கு 75 காசு. விலை குறைந்த இன்சர்ட்டுக்குத்தான் செலவு அதிகம். இதுவரை எல்லா சேல்ஸ்காரரும் சொல்வார்கள். ஷாப்பில் நின்றவர் இதற்கு மேலும் ஒன்றைப் பார்ப்பார். ஃபீடை (டூல் முன்னேறும் வேகத்தை) ஏற்றி சைக்கிள் டைமை (ஒரு பீஸ் முடியும் நேரத்தை) 60 விநாடியிலிருந்து 50-க்குக் கொண்டுவர முடிந்தால், மெஷின் ஒரு மணி நேரம் ஓட 400 ரூபாய் என்ற கணக்கில் ஒரு பீஸுக்கு ஒரு ரூபாய் 11 காசு மிச்சம். இன்சர்ட்டுக்கான மொத்தச் செலவைவிட இது இரண்டு மடங்குக்கும் அதிகம். இந்தக் கணக்கை வாடிக்கையாளரின் மெஷின் பக்கத்தில் நின்று, அவருடைய டிராயிங்கை வைத்துப் போட்டுக் காட்டுபவருக்கு பேச்சுத் திறமை தனியாக வேண்டியதில்லை.

டிரயலும், அதாவது வாடிக்கையாளரின் மெஷினில் புது டூலை ஓட்டிப் பார்ப்பதும், அப்படித்தான். புது டூல் டிரயல் தோற்றால் பெரும்பாலும் டூல் காரணமாக இருக்காது. பழைய ஹோல்டரில் இன்சர்ட்டுக்கு அடியில் இருக்கும் தகடு (ஷிம்) தேய்ந்திருக்கும். கூலன்ட் நாஸில் வேறு பக்கம் திரும்பியிருக்கும். பழைய டூலுக்கு வைத்த ஸ்பீடையும் ஃபீடையும் மாற்றாமலே ஓட்டியிருப்பார்கள். அல்லது முதல் ஷிஃப்டில் நன்றாக ஓடிய டிரயலைப் பற்றி மூன்றாம் ஷிஃப்ட் ஆப்பரேட்டரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். புதிதாகப் படித்துவிட்டு வருபவர் இதைக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். உங்கள் மகனுக்கு அது கண்ணிலேயே இருக்கும்.

ஓசூர் என்பதும் அவருக்கு நல்லது. சிப்காட் ஒரு பக்கம், எல்லையைத் தாண்டினால் பெங்களூரு பக்கத்துத் தொழிற்பேட்டைகளான பொம்மசந்திரா, ஜிகனி, இன்னும் போனால் பீன்யா. கன்னடமும் தெலுங்கும் தெரிந்திருந்தால் ரெஸ்யூமில் அதை மேலேயே போடச் சொல்லுங்கள். மெஷின் ஆப்பரேட்டர்களில் வடமாநிலத்தவர் நிறைய இருப்பதால் புழங்கும் அளவுக்கு இந்தியும் உதவும்.

இனி சம்பளம். இதில்தான் நடுவயதில் மாறுபவர்கள் அடிபடுகிறார்கள்.

ஆஃபரில் "ஆண்டுக்கு 9 லட்சம்" என்று இருக்கும். அதில் 70 சதவீதம் நிலையானது, 30 சதவீதம் இன்சென்டிவ் என்றால் நிலையான தொகை 6 லட்சத்து 30 ஆயிரம்தான், மாதம் 52,500. பிஎஃப்பில் அவர் பங்கு, கம்பெனி பங்கு இரண்டும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஒதுக்கீடும் அதற்குள்ளேயே அடங்கியிருந்தால் கைக்கு வருவது 47,000-ஐ ஒட்டித்தான் இருக்கும். இப்போது அவர் 58,000 எடுத்து வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, காகிதத்தில் உயர்வு, கையில் 11,000 குறைவு. மீதி 2 லட்சத்து 70 ஆயிரம் டார்கெட்டைத் தொட்டால்தான். பல இடங்களில் டார்கெட்டில் 80 சதவீதத்துக்குக் கீழே இன்சென்டிவ் பூஜ்யம். 79 சதவீதம் முடித்தவருக்கும் ஒன்றும் கிடையாது. இந்த வாசலை ஆங்கிலத்தில் த்ரெஷோல்ட் என்பார்கள். அது எத்தனை சதவீதம் என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

அதோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை: இன்சென்டிவ் மாதக் கணக்கா, காலாண்டா, ஆண்டா? பில் போட்டவுடன் சேருமா, பணம் வசூலான பிறகா? நடுவில் வேலையை விட்டால் சேர்ந்த தொகை கிடைக்குமா? முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த டார்கெட் உண்டா, அல்லது அந்தக் காலத்துக்கு இன்சென்டிவை உத்தரவாதமாகத் தருவார்களா? கடைசிக் கேள்வியைப் பலர் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை. கேட்டால் தரும் கம்பெனிகள் இருக்கின்றன.

டார்கெட் நியாயமானதா என்று பார்க்க ஏரியாவின் பழைய கணக்கு வேண்டும். புது டார்கெட் 1 கோடியே 20 லட்சம், போன வருடம் அந்த ஏரியாவில் நடந்தது 85 லட்சம் என்றால், அவரிடம் எதிர்பார்ப்பது 41 சதவீத வளர்ச்சி. புது ஆள் ஒருவர் முதல் வருடத்திலேயே அதைத் தருவது கடினம். கடந்த மூன்று வருட விற்பனை, அதில் தானாகத் திரும்பி வரும் ஆர்டர் எவ்வளவு, பெரிய வாடிக்கையாளர்களை மேனேஜரே தன் கையில் வைத்திருக்கிறாரா, முன்பு இருந்தவர் ஏன் போனார் என்ற நான்கையும் இன்டர்வியூவிலேயே கேட்கலாம். பதில் சொல்லத் தயங்கும் இடம் என்றால் நான் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

டார்கெட் எண்ணைத் தினசரி வேலையாக மாற்றிப் பார்ப்பதும் அவசியம். 1 கோடியே 20 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் மாதம் 10 லட்சம் என்று வருகிறது. அதில் 7 லட்சம் பழைய வாடிக்கையாளரின் தொடர் ஆர்டர், 3 லட்சம் புதிதாக வர வேண்டும். ஒரு புது ஆர்டர் சராசரி 30,000 என்றால் 10 ஆர்டர். நான்கு கொட்டேஷனில் ஒன்று ஆர்டராகும் என்று வைத்தால் மாதம் 40 கொட்டேஷன், வேலை நாள் ஒன்றுக்கு இரண்டுக்கு சற்றுக் குறைவு. இது முடியக்கூடிய வேலை. இதே கணக்கில் நாளுக்கு ஆறு கொட்டேஷன் வந்தால் அந்த டார்கெட் காகிதத்தில் மட்டும் இருப்பது.

கையில் வைத்திருக்க வேண்டிய பணம்: மாதம் 11,000 குறைவை ஒன்பது மாதத்துக்குக் கணக்கிட்டால் 99,000. பெட்ரோல், பஸ், சாப்பாடு, தங்கும் செலவை அவரே முதலில் போட்டு, பில் கொடுத்து, அடுத்த மாதம்தான் திரும்ப வாங்குவார், அதற்கு 25,000. ஆக, ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் தனியாக இருந்தால் வீட்டு இஎம்ஐ தடைபடாது. இன்சர்ட் போன்று தினமும் தீரும் பொருளில் ஆர்டர் சில வாரங்களில் வரும். மெஷின் போன்ற பெரிய பொருளில் முதல் பேச்சிலிருந்து பி.ஓ. (எழுத்தில் வரும் பர்ச்சேஸ் ஆர்டர்) வரை ஆறு மாதமும் ஆகலாம். அதனால் அவர் மெஷின் விற்கப் போகிறார் என்றால் ஒன்பதை ஒரு வருடமாக்கிக் கணக்குப் போடுங்கள்.

பழைய கம்பெனியிலிருந்து வரும் கிராஜுவிட்டியைக் கணக்கிடும் முறை: கடைசிச் சம்பளத்தில் கிராஜுவிட்டிக்குக் கணக்கில் எடுக்கும் பகுதியை (அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி போன்றவை) 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அந்தப் பகுதி மாதம் 28,000 என்றால் 13 வருடத்துக்கு 2 லட்சத்து 10 ஆயிரம். கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் அதையும் முழு வருடமாக எடுப்பார்கள் என்பதால், விலகும் தேதியை ஒரு மாதம் தள்ளினால் லாபமா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிஎஃப் பணத்தை எடுக்க வேண்டாம்; அதே யுஏஎன்-னில் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்ணில்) புது நிறுவனத்துக்கு மாற்றினால் போதும். நீங்களும் உங்கள் மனைவியும் கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் இருக்கிறீர்கள் என்றால், விலகும் நாளோடு அது நின்றுவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்ற முடியுமா என்று, வேலையை விடுவதற்கு முன்பே, எச்.ஆர். வழியாகக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்குப் புதுப் பாலிசியில் காத்திருப்புக் காலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

எந்த வாசலில் நுழைவது என்பதற்கு வருகிறேன். பெரிய கம்பெனிகள் சேல்ஸ் இன்ஜினியர் வேலைக்குப் பெரும்பாலும் இளைஞர்களைத்தான் தேடும். 37 வயதுக்காரருக்கு அங்கே எளிய வழி அப்ளிகேஷன் இன்ஜினியர் பதவி. டிரயல் எடுப்பது, டூல் பரிந்துரைப்பது, சேல்ஸ்காரரோடு போய் டெக்னிக்கல் பக்கத்தைப் பார்ப்பது அந்த வேலை. சம்பளத்தில் நிலையான பங்கு அதிகம், டார்கெட் அழுத்தம் குறைவு. ஒன்றரை வருடம் அதில் இருந்துவிட்டு விற்பனைக்கு மாறுவதைத்தான் நான் முதலாவதாகச் சொல்வேன். டீலர்கள் வயதைப் பார்க்க மாட்டார்கள், ஷாப் அனுபவத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால் நிலையான சம்பளம் குறைவாக இருக்கும், சில இடங்களில் பிஎஃப் கூட இருக்காது. கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆள் தேடும் இணையதளத்தைவிட, இத்தனை வருடமாக அவருடைய ஷாப்புக்கே வந்து போகும் சேல்ஸ் இன்ஜினியர்கள்தான் நல்ல வழி. எந்த ஏரியா காலி, எந்த மேனேஜர் நல்லவர் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு விடுமுறை நாளில் அவர்களில் ஒருவரோடு கூடவே போய்ப் பார்க்கட்டும்: செக்யூரிட்டி கேட்டில் அரை மணி நேரம் நிற்பது, பர்ச்சேஸ்காரர் "நாளைக்கு வாங்க" என்பது, மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. அதைப் பார்த்த பிறகும் விருப்பம் இருந்தால் அது நிஜமான விருப்பம். பெங்களூரு தும்கூர் சாலையில் நடக்கும் இம்டெக்ஸ் என்ற தொழிற்சாலை மெஷின், டூல் கண்காட்சிக்கும் ஒரு நாள் போகலாம். உலோகம் வெட்டும் இயந்திரங்களுக்கான பதிப்பு ஒற்றைப்படை ஆண்டுகளின் ஜனவரியில் வருவது வழக்கம்.

ரெஸ்யூமில் "உற்பத்தியை மேற்பார்வை செய்தேன்" என்ற வரி உதவாது. எந்தப் பாகத்தில் டூல் செலவு எத்தனை ரூபாயிலிருந்து எத்தனைக்கு வந்தது, எந்த மெஷினில் செட்டிங் நேரம் எவ்வளவு குறைந்தது என்று எழுதட்டும். பாகத்தின் பெயரும் வாடிக்கையாளரின் பெயரும் வேண்டாம். அவை பழைய கம்பெனியின் ரகசியம்.

ஷாப்பிலிருந்து போனவர்கள் முதல் வருடத்தில் சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மெயின்டனன்ஸ், புரொடக்‌ஷன் ஆட்களோடு பேசுவது சுலபம் என்பதால் அங்கேயே நின்றுவிடுவார்கள். பணம் கொடுக்க முடிவெடுக்கும் பர்ச்சேஸையும் முதலாளியையும் பார்க்கக் கூச்சப்படுவார்கள். டிரயல் ஜெயித்த பிறகு "எப்போது பி.ஓ. போடுவீர்கள், மாதம் எத்தனை வேண்டும்" என்று கேட்காமல் திரும்பி வருவார்கள். டிரயல் ரிப்போர்ட்டில் வாடிக்கையாளரின் கையெழுத்தை அன்றே வாங்காமல் விட்டால், ஒரு வாரம் கழித்து அந்த எண்களை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தள்ளுபடி கேட்டவுடன் கையிலிருக்கும் மொத்தத்தையும் கொடுத்துவிடுவதும் உண்டு. அளவு கூட்டினாலோ பணம் சீக்கிரம் கொடுத்தாலோதான் விலை குறையும் என்று பழக வேண்டும்.

வசூல் தனிப் பாடம். பில்லில் உள்ள விலை பி.ஓ. விலையோடு சில காசு வேறுபட்டாலும், பி.ஓ. எண் தவறினாலும் அக்கவுண்ட்ஸ் அதை ஓரமாக வைத்துவிடும். பல கம்பெனிகளில் 60 நாள் கிரெடிட் என்பது பில் தேதியிலிருந்து எண்ணப்படாது. ஸ்டோர்ஸ் சரக்கை ஏற்று ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததற்கான பதிவு) போட்ட நாளிலிருந்துதான். அதனால் சரக்கு போய்ச் சேர்ந்த இரண்டு நாளுக்குள் ஜிஆர்என் ஆகிவிட்டதா என்று கேட்பது சேல்ஸ்காரரின் வேலை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விற்பனைக்கு மாற விரும்புகிறவர் என்று தெரிந்தால் வேறு அழைப்புகளும் வரும். பயிற்சிக்கோ பதிவுக்கோ பணம் கேட்டால், ஆள் சேர்த்தால்தான் வருமானம் என்றால், விலகிவிட வேண்டும். நேரடி விற்பனைக்கான 2021-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் சேர்க்கைக் கட்டணத்தையும் பிரமிடு முறையையும் தடை செய்கின்றன. காப்பீட்டு ஏஜென்டாகச் சேர்வது நேர்மையான தொழில்தான், ஆனால் அதில் மாதச் சம்பளம் கிடையாது. இஎம்ஐ உள்ள வீட்டுக்கு அது முதல் வருமானமாகச் சரிவராது.

நோட்டீஸ் பீரியட் எத்தனை மாதம், பாண்ட் ஏதும் இருக்கிறதா என்று பழைய அப்பாயின்ட்மென்ட் லெட்டரை இன்றே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புது கம்பெனியின் ஆஃபர் லெட்டரோடு இன்சென்டிவ் திட்டமும் எழுத்தில், ஏரியாவின் பெயரோடு, கைக்கு வந்த பிறகே ராஜினாமா கடிதம் கொடுக்க வேண்டும். "சேர்ந்த பிறகு தருகிறோம்" என்றால், அது வரும் வரை இப்போதைய வேலையிலேயே இருக்கட்டும்.