திண்ணையில் வைத்து விலை பேசாதீர்கள்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகன் லீவில் வந்திருந்தபோது அந்த ஊர் டிவி நிகழ்ச்சி ஒன்றை யூடியூபில் போட்டுக் காட்டினான். பாஷை புரியாவிட்டாலும் இப்போது நானே தேடித் தேடிப் பார்க்கிறேன். வீட்டுப் பழைய சாமானைக் கொண்டுவருகிறார்கள். நிபுணர் ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்த்து விலை சொல்கிறார். அடுத்த அறையில் வியாபாரிகள் வரிசையாக நிற்கிறார்கள். நிபுணர் 500 என்று சொன்ன சாமானுக்கு வியாபாரி 80-இல் ஆரம்பிக்கிறார். யார் சொல்வது நிஜ விலை? எதற்குக் கேட்கிறேன் என்றால், எங்கள் வீட்டிலும் அத்தை காலத்துச் சாமான்கள் கிடக்கின்றன: ஜோடிப் பாவை விளக்கு, பெரிய வெண்கல உருளி, ஜரிகை ஒட்டிய லட்சுமி படம், பூஜையில் இருக்கும் சின்ன கிருஷ்ணர், ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818-ஆம் வருஷத்துக் காசு ஒன்று. ஊருக்குள் வரும் பழைய சாமான் வியாபாரி மொத்தத்துக்கும் 40,000 தருகிறேன் என்கிறார். காசு மட்டுமே கோடிக்குப் போகும் என்கிறார் கொழுந்தனார். மகனோ கிருஷ்ணரை ஜெர்மனிக்குக் கொண்டுபோய் அந்த நிகழ்ச்சியிலேயே காட்டலாம் என்கிறான். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், வீரவநல்லூர்

பதில்: தங்கச்சி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். 40,000-க்குத் தலையாட்டிவிடாதீர்கள். கிருஷ்ணரை மகனின் பெட்டியில் வைக்க விடாதீர்கள். கொழுந்தனாரிடம் காசைப் பற்றிச் சண்டை போட வேண்டாம், அது சண்டைக்குப் பெறாத காசு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் பார்ப்பது 'பாரெஸ் ஃபியூர் ராரெஸ்' என்ற நிகழ்ச்சியாகத்தான் இருக்கும். ஜெர்மனியின் இசட்.டி.எஃப். சேனலில் 2013-லிருந்து ஓடுகிறது. முறுக்கு மீசையோடு வருகிற ஹோர்ஸ்ட் லிஷ்டர்தான் தொகுப்பாளர். அவர் அதற்கு முன்னால் சமையல்காரர். அவருடைய மீசையையும் சிரிப்பையும் விட்டுவிட்டு அந்த நிகழ்ச்சி கட்டப்பட்டிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். நிபுணர் முதலில் இன்ன காலம், இன்ன உலோகம், இந்த இடத்தில் பற்றவைத்திருக்கிறார்கள் என்று சொல்கிறார். அப்புறம் சாமான்காரரிடம் 'உங்களுக்கு எவ்வளவு வேண்டும்' என்று கேட்கிறார்கள். அதற்குப் பிறகுதான் நிபுணர் இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று விலை சொல்கிறார். அந்தத் தொகைக்குச் சாமான்காரர் சம்மதித்தால் வியாபாரிகள் அறைக்குப் போக ஒரு அட்டை கிடைக்கும். நிபுணர் சொன்ன தொகை அந்த அறைக்குள் இருப்பவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. அவர்கள் தங்கள் கண்ணை நம்பி, தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு, ஒருவர் மேல் ஒருவர் ஏற்றிக் கேட்கிறார்கள்.

80-இல் ஆரம்பிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் வால்டர் லேனெர்ட்ஸ். எதைக் கொண்டுவந்தாலும் 80 யூரோ என்று தொடங்குவதே அவருடைய முத்திரை. '80 யூரோ வால்டி' என்றே அங்கே அவருக்குப் பெயர். அது விலையே இல்லை. ஏலத்தைக் கிளப்பிவிடுகிற சத்தம், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கிறவர் 120 என்பார், அவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர் 200 என்பார். நம் ஊர் வியாபாரியும் 80-இல்தான் ஆரம்பிக்கிறார். ஆனால் பக்கத்தில் நின்று 120 என்று சொல்ல ஆள் இல்லை.

நிபுணர் விலைக்கும் வியாபாரி விலைக்கும் உள்ள இடைவெளிக்கு அங்கேயே பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 2019-இல் வைரம் பதித்த பழைய சிலுவைப் பதக்கம் ஒன்று வந்தது. நிபுணர் ஹைடே ரெஸெப்பா-ட்ஸாபெல் அதற்கு 60,000 முதல் 80,000 யூரோ என்றார். நகை வியாபாரி சுசானே ஷ்டைகர் 42,000-க்கு வாங்கினார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நகைக்கடையில் பழைய சங்கிலியைப் போட்டால் நீங்கள் வாங்கின அன்று கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்ப வருமா? அந்த மாதிரிதான். சரியான ஆள் சரியான நாளில் கடைக்கு வந்து கேட்டால் கிடைக்கக்கூடியதை நிபுணர் சொல்கிறார். அந்த ஆள் வருகிற வரைக்கும் கடை வாடகை, பழுது பார்க்கிற செலவு, வட்டி, விற்காமலே போய்விடுகிற ஆபத்து எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சுவதை வியாபாரி கொடுக்கிறார். கடையில் போட்டிருக்கிற விலையில் பாதி கைக்கு வந்தால் மோசமில்லை. இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான், தங்கச்சி. சொல்கிற இடம்தான் வேறு.

என்னைக் கேட்டால் அந்த நிகழ்ச்சியில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. பார்த்துச் சொல்கிறவர் வாங்குவதில்லை, வாங்குகிறவர்கள் பல பேர். பி.பி.சி.யில் 1979-லிருந்து வருகிற 'ஆன்டிக்ஸ் ரோட்ஷோ'வில் நிபுணர்கள் வாங்குகிற பேச்சே கிடையாது. அமெரிக்க அடகுக்கடை நிகழ்ச்சியான 'பான் ஸ்டார்ஸ்' நேர் எதிர். கடைக்காரர் ரிக் ஹாரிசனே தனக்குத் தெரிந்த நிபுணரைக் கூப்பிடுவார். நிபுணர் விலையைச் சொல்லிவிட்டுப் போன கையோடு, 'எனக்கும் லாபம் வேண்டாமா' என்று பாதியில் பேரத்தைத் தொடங்குவார். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனாலும் அங்கேகூட நிபுணர் வேறு, கடைக்காரர் வேறு. உங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர் நிபுணர், வியாபாரி, ஏலக்காரர் மூன்றும் தானே என்கிறார். அதனால்தான் 40,000 என்ற தொகையை விலை என்றே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது 'மொத்தமாக' என்ற வார்த்தை. இது பழைய வித்தை. நாலு சாமானை ஆகா ஓகோ என்று புகழ்ந்து, ஒன்றை மட்டும் அசட்டையாக ஓரம் தள்ளி, 'சரி, இதையும் சேர்த்துப் போட்டுக்கிடுங்க' என்பார்கள். அவர் உங்கள் வீட்டில் எதைப் புகழவே இல்லை என்று யோசித்துப் பாருங்கள். உருளியாக இருக்கும் என்பது என் ஊகம். பெரிய வார்ப்பு உருளிக்கு இன்றைக்கு நல்ல கிராக்கி. ரிசார்ட்டுகளிலும் புது பங்களா வாசல்களிலும் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விட அதைத் தேடுகிறார்கள். விரலை மடக்கி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுங்கள். கணீரென்று இழுத்தால் நல்லது, சொத்தென்று அடங்கினால் எங்கேயோ விரிசல் இருக்கிறது. வெண்கல எடைக்கு மட்டும் விலை பேச விடாதீர்கள்.

பாவை விளக்குக்கு எடைக்கு மேல் எவ்வளவு கிடைக்கும் என்பது அதன் வயதைப் பொறுத்தது. வயதைக் கண்டுபிடிக்க நம் பெண்களின் கைவேலையே சாட்சி. தலைமுறை தலைமுறையாக வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்த விளக்கில் பாவையின் மூக்கும் முட்டியும் மார்பணியும் மழுங்கி வழவழவென்று இருக்கும். கொசுவ மடிப்பிலும் அக்குளிலும் கை எட்டாத இடத்தில் மட்டும் கறுப்பு அடைந்திருக்கும். புதிதாக வார்த்து, திராவகத்தில் நனைத்து மண்ணில் புதைத்து எடுத்த போலியில் மூக்கு கூராக இருக்கும், களிம்பு உடம்பெங்கும் ஒரே சீராக அப்பியிருக்கும். ஒருத்தரும் தொடாத முகம் அது. தயவுசெய்து யாரிடமாவது காட்டுவதற்கு முன்னால் பளபளவென்று தேய்த்து வைக்காதீர்கள். அந்தக் கறுப்புதான் பிறந்த தேதி.

லட்சுமி படம் பெரும்பாலும் ரவிவர்மா அச்சகத்துப் படமாக இருக்கும். நம் பக்கத்து வீடுகளில் அந்தப் படத்துச் சேலைக்கு ஜரிகையும் பாசிமணியும் ஒட்டி அழகு பார்த்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தூரிகைத் தடம் இல்லாமல் புள்ளி புள்ளியாக நிறம் தெரிந்தால் அச்சு. அச்சு என்றதும் முகம் சுருங்க வேண்டாம். 1894-இல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகத்தின் பழைய பிரதிகளைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அச்சகத்தைப் பின்னால் விலைக்கு வாங்கி நடத்தியவர் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான். சட்டத்தைக் கழற்றாமல் கொடுங்கள். பழைய மரமும் பழைய கண்ணாடியும் கூடவே போகட்டும்.

காசு போலி. கிழக்கிந்தியக் கம்பெனி ராமர் பட்டாபிஷேகம் போட்டு 1818-இல் காசே அடிக்கவில்லை. தென்காசியிலிருந்து திருச்செந்தூர் வரை வீட்டுக்கு வீடு இந்தக் காசும், இதற்குக் கோடி தர ஆள் இருக்கிறது என்று சொல்ல ஒரு கொழுந்தனாரும் உண்டு. அந்த ஆள் வருவார், ஆனால் 'டெஸ்டிங் செலவு', 'கமிஷன்' என்று உங்களிடம்தான் முதலில் பணம் கேட்பார். அரிசி இழுக்கும் கலசம், இரிடியம் எல்லாம் இதே மோசடிக் குடும்பம். பழைய நோட்டு, நாணயம் விற்கத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்கிறவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் அறிவிப்பு வெளியிட்டது.

இப்போது கிருஷ்ணருக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடப்பில் இருக்கிறது. நூறு வருஷம் கடந்த சிலை, ஓவியம் போன்றவை தொல்பொருள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தனியாருக்கு உரிமை கிடையாது. டிவியில் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்ற சமாதானமும் ஏர்போர்ட்டில் எடுபடாது. உள்நாட்டில் வைத்துக்கொள்ளலாம், விற்கலாம். ஆனால் உலோகச் சிலையை இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும், கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். தொல்பொருள் வாங்கி விற்கிறவர் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். உங்கள் கிருஷ்ணர் சமீபத்தில் சுவாமிமலையில் வார்த்ததாகவும் இருக்கலாம். அப்படியானால் தொல்பொருள் அல்ல என்று அதே துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மகன் தாராளமாகக் கொண்டுபோகட்டும்.

இதில் நான் கறாராகப் பேசுவதற்கு உங்கள் பக்கத்து ஊரே காரணம். கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-இல் களவு போனார். பிறகு அவர் இருந்தது ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தில். அங்கேயும் நிபுணர்கள் உண்டு, கைமாற்றிவிட்ட வியாபாரிகள் உண்டு. சிலை அசல் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எந்த ஊர்ச் சாமி என்ற கேள்விக்கு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம்தான் பதில் சொன்னது. 2019 செப்டம்பரில் சாமி ஊர் திரும்பினார். ஜெர்மனிக் கதை இன்னும் பழசு. 1876-இல் யாகோர் என்ற பெர்லின்காரர் ஆதிச்சநல்லூரில் தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்கு எடுத்துப் போனார். அப்போது கேட்க ஆளில்லை.

ஆக, செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு சாமானையும் வெளிச்சத்தில் வைத்து முன்பக்கம், பின்பக்கம், அடிப்பாகம் படம் எடுங்கள். உயரமும் எடையும் எழுதுங்கள். அந்தப் படங்களோடு பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்க் காப்பாட்சியரைப் பாருங்கள். விலை கேட்காதீர்கள், அது அவர் வேலை இல்லை. என்ன பொருள், எந்தக் காலம், பதிய வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். பாவை விளக்கில் உருவம் இருப்பதால் அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு நாள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வெறுங்கையோடு போய், உங்களுடையது போன்ற உருளிக்கும் விளக்குக்கும் கடையில் என்ன விலை சொல்கிறார்கள் என்று வாங்குகிறவர் மாதிரி விசாரியுங்கள். அங்கேயே இரண்டு மூன்று கடைகளில் படத்தைக் காட்டித் தனித்தனியாக விலை கேளுங்கள். உங்கள் வியாபாரிகள் அறை அதுதான்.

இன்னொன்று. அத்தை காலத்துச் சாமான் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தைக்கு மகள்கள் இருந்தால் அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நாத்தனார்களிடம் இப்போதே கேட்டு, சம்மதத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உருளி போன பிறகு வருகிற கோபம் உருளியை விடக் கனமாக இருக்கும்.

திண்ணைக்காரர் மறுபடி வந்தால் மரியாதையாக மோர் கொடுங்கள். தொல்பொருள் லைசென்ஸையும் பில் புத்தகத்தையும் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் அவரும் ஒரு விலை சொல்லட்டும், ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக.