ஹாட் டப் நீருக்குக் குளோரினா, புரோமினா?

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு வாங்கிய வீட்டின் கொல்லைப்புறத்தில் 1,500 லிட்டர் கொள்ளளவுள்ள ஹாட் டப் (ஜெட் எனும் துளைகள் வழியாக நீரைப் பீய்ச்சிக் கலக்கும் வெந்நீர்த் தொட்டி) இருக்கிறது. ரசாயனம் வேண்டாமென்று, வெள்ளி கலந்த மினரல் கார்ட்ரிட்ஜை மட்டும் போட்டுப் பயன்படுத்தி வந்தோம். போன வாரம் அதில் இறங்கிய என் கணவருக்கும் 8 வயது மகளுக்கும் இரண்டாம் நாள் இடுப்பிலும் தொடையிலும் அரிப்புடன் சிவந்த பருக்கள் கிளம்பின. மகளுக்கு எக்ஸிமா எனும் தோல் அழற்சியும் கணவருக்கு லேசான ஆஸ்துமாவும் உண்டு. குளோரினை விடப் புரோமின் மென்மையானது என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுக்கலாம்? ஊரிலிருந்து வந்திருக்கும் 68 வயது மாமியார், சர்க்கரை நோயாளி, மூட்டு வலிக்காக அதில் உட்காரலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மருத்துவர் பதில்: நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது என்றாலும், நீங்கள் விவரிக்கும் பருக்கள் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவால் வரும் மயிர்க்கால் அழற்சியை ஒத்திருக்கின்றன. கிருமி கலந்த நீரை நீச்சலுடை தோலோடு ஒட்டி வைத்திருப்பதால், உடை மூடிய இடங்களிலேயே அது அதிகம் காணப்படும். ஆகவே உங்கள் வீட்டில் நேர்ந்தது ரசாயனம் மிகுந்ததால் வந்த கோளாறு அன்று. போதிய கிருமிநாசினி இல்லாததால் வந்தது. பெரும்பாலும் இது ஒரு வாரம் பத்து நாளில் தானே ஆறிவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்டீராய்டு களிம்பு எதையும் தடவ வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ பருக்கள் சீழ் கோத்துப் பெரிதானாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெள்ளி, ஓசோன், புறஊதா விளக்கு ஆகியவை துணைக் கருவிகளே. ஓசோனும் புறஊதாக் கதிரும் தம்மைக் கடந்து செல்லும் நீரை மட்டுமே சுத்திகரிக்கும். வெள்ளி மிக மெதுவாகவே கிருமியைக் கொல்லும். நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் தொட்டியில், ஒருவர் உடலிலிருந்து வரும் கிருமியை அங்கேயே உடனுக்குடன் அழிக்கக் குளோரினோ புரோமினோ நீரில் எஞ்சியிருக்க வேண்டும். குளோரின் குறைந்தது 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு நீரில் 3 பங்கு), புரோமின் என்றால் குறைந்தது 4 பிபிஎம், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.0 முதல் 7.8 வரை என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் அறிவுரை.

இரண்டில் எது என்பதற்கு வருகிறேன். புரோமினுக்கு உண்மையிலேயே ஓர் அனுகூலம் உண்டு. ஜெட்டுகள் நீரைக் கலக்கும்போது கரியமில வாயு வெளியேறிப் பி.எச். மெல்ல ஏறும், பி.எச். 8-ஐத் தொட்டால் குளோரினில் சுமார் கால் பங்குதான் வீரியமுள்ள வடிவில் இருக்கும், புரோமினிலோ ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருக்கும். அதோடு, வியர்வையோடு சேர்ந்து குளோரின் உண்டாக்கும் குளோரமின்தான் மூக்கை எரிக்கும் அந்த ‘நீச்சல்குள வாசனை’க்குக் காரணம், புரோமினில் அந்த நெடி குறைவு. ஆனால் ‘மென்மையானது’ என்ற பெயர் நெடியை வைத்து வந்ததே ஒழியத் தோலை வைத்து வந்ததன்று. புரோமின் மாத்திரை போட்ட நீரில் குளித்தவர்களுக்குத் தோல் அழற்சி வருவது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. எக்ஸிமா உள்ள குழந்தை இருக்கும் வீட்டிற்கு நான் குளோரினையே சொல்வேன். கணவரின் ஆஸ்துமாவுக்காக, எல்லோரும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்குங்கள். மூடியைத் திறந்து ஜெட்டைப் போட்டுக் கால் மணி நேரம் காற்றாடவிட்ட பிறகு அவர் இறங்கட்டும்.

குளோரினிலும் வகை பார்க்க வேண்டும். கடையில் ஸ்பாவுக்கென்று தருவது பெரும்பாலும் டைகுளோர் தூள். உங்கள் தொட்டியில் 3 பிபிஎம் ஏற்ற அதில் சுமார் 8 கிராம் போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் அது சயனூரிக் அமிலத்தையும் விட்டுச் செல்கிறது. பத்து முறை போட்டால் அந்த அமிலம் 27 பிபிஎம் அளவில் சேர்ந்து, குளோரின் கிருமியைக் கொல்லும் வேகத்தைக் குறைத்துவிடும்; பரிசோதனைப் பட்டையோ குளோரின் சரியாக இருப்பதாகவே காட்டும். ஹாட் டப்புக்கு இவ்வகையைச் சி.டி.சி. பரிந்துரைக்காததும் இதனால்தான். துணி வெளுக்கும், வாசனை சேர்க்காத சாதாரண பிளீச்சே போதும். 6 சதவீதப் பிளீச் என்றால் 75 மில்லிலிட்டர் அதே 3 பிபிஎம்மைத் தரும். நீச்சல்குள டிரைகுளோர் வில்லைகளை இதில் போடவே கூடாது. இரு வகைக் குளோரின் பொருள்களை ஒரே கரண்டியால்கூட அள்ளாதீர்கள், கலந்தால் தீப்பற்றும்.

முதலில் தொட்டியை வடித்து, வழுவழுப்பான படலம் போகத் தேய்த்துக் கழுவி, ஃபில்டரை மாற்றுங்கள். புதுநீர் நிரப்பி அரை லிட்டர் பிளீச் ஊற்றினால் குளோரின் 20 பிபிஎம் ஆகும். ஜெட் இல்லாமல் 1 மணி நேரம், ஜெட்டோடு 9 மணி நேரம் சுழலவிட்டு, மறுபடி வடித்து நிரப்புங்கள். அதன்பின் ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் பட்டையை நனைத்துப் பாருங்கள். பார்க்க மறந்த அன்று இறங்க வேண்டாம்.

மாமியார் விஷயத்தில் சற்றுப் பொறுத்திருங்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது. சிறு புண் வழியாகவும் கிருமி ஏறும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்றால் எழுந்திருக்கும்போது தலைசுற்றி விழக்கூடும். இவற்றைவிடப் பெரிய கவலை, நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா: 1999-இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில், காட்சிக்கு வைத்திருந்த ஹாட் டப்பிலிருந்து பரவிய நீர்த்திவலைகளைச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் அழற்சி கண்டு 32 பேர் இறந்தனர். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். நீரின் அளவுகள் இரண்டு வாரம் தொடர்ந்து சரியாக இருந்து, பாதத்தில் புண் இல்லையென்று பார்த்து, அவருடைய மருத்துவரும் சம்மதித்தால், 38 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம், யாராவது அருகில் இருக்க, உட்காரட்டும். பிறகு இரு வாரங்களுக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், ஹாட் டப்பில் உட்கார்ந்ததை மருத்துவரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். அதுவரை மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடமே போதும். ஒத்தடத் துணியின் சூட்டையும் அவர் அல்ல, நீங்கள் தொட்டுப் பாருங்கள்.